பயங்கரவாதம்: வரையறைக்கும் தீர்ப்புக்கும் இடையில்

1999 மே 11 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூந்தமல்லி தனி நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு விதித்திருந்தது. அதில் நால்வருக்கு மட்டும் தூக்கு உறுதியானது, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மற்ற பத்தொன்பது பேரும் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுபட்டு வெளியே வந்தார்கள். இவை தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். அதே தீர்ப்பின் இன்னொரு முடிவு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது தடா என்ற சிறப்புப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் அல்ல என்பதுதான் அது.

முன்னாள் பிரதமர் ஒருவர் தேர்தல் பொதுக்கூட்டத்தில் மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார், அவரோடு பலர் மாண்டார்கள். அது பயங்கரவாதம் இல்லையென்றால் எதுதான் பயங்கரவாதம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நீதிமன்றம் சட்டத்தின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அரசை அச்சுறுத்திப் பணியவைக்கும் நோக்கமோ மக்களிடையே பீதியை விதைக்கும் நோக்கமோ இருக்க வேண்டும் என்று தடாவின் 3ஆம் பிரிவு கேட்டது. சதியில் ஈடுபட்டவர்களின் குறி ஒரே ஒரு மனிதர் மட்டுமே. இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்பியவர் என்பதற்கான பழிவாங்கல் அது, இந்திய அரசைப் பணியவைக்கும் திட்டம் இருந்ததாகச் சான்று இல்லை என்று நீதிபதிகள் முடிவுக்கு வந்தார்கள். சட்டத்தை அப்படி நெருங்கிப் படித்தது சரிதான் என்பது என் கருத்து.

ஆனால் அந்த முடிவு வர எட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் தடா தன் வேலையை முடித்துவிட்டது. காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாதாரணச் சட்டத்தில் சாட்சியமாகாது, தடாவில் ஆகும். விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. தடா வழக்கின் மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போகும் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் என்ற படியே இல்லாமல் போனது. தடா குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின்கீழ் பதிவான வாக்குமூலங்களைக் கொலைக் குற்றத்துக்கான சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னது. பயங்கரவாதம் என்ற பெயர் விழுந்தது. அந்தப் பெயரைச் சொல்லி வாங்கிய வாக்குமூலம் மட்டும் விழாமல் நின்றது.

பேரறிவாளனை எடுத்துக்கொள்வோம். கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்கு என்பது தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியை வாக்குமூலத்தில் தான் சேர்க்கவில்லை என்று, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரியே ஓய்வுபெற்ற பிறகு 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். குற்ற நோக்கம் இருந்ததா இல்லையா என்பது முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சார்ந்தது. பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18 அன்று.

பயங்கரவாதச் சட்டங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் வரையறை அகலமா குறுகலா என்பதிலேயே சுற்றி நின்றுவிடுகிறது. அது தேவையான விவாதம்தான். அதைவிட அவசரமான கேள்வி வேறொன்று: அந்த வரையறை எப்போது, யாரால் சோதிக்கப்படுகிறது? இந்தியச் சட்டத்தில் பயங்கரவாதம் என்ற பெயரின் விளைவுகள் முதல் தகவல் அறிக்கை பதிவாகும் நாளிலேயே தொடங்கிவிடுகின்றன. அந்தப் பெயர் பொருந்துமா என்ற சோதனை பல நேரம் இறுதித் தீர்ப்பில்தான் நடக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளைக் குற்றம் சாட்டப்பட்டவர் சிறையில் கழிக்கிறார்.

உலகம் ஒப்புக்கொள்ளாத வரையறை

பன்னாட்டு அளவில் ஒரு பொது வரையறைக்கான தேடல் ஒரு கொலையில் தொடங்கியது. 1934இல் யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாந்தரும் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பார்த்துவும் மார்சேய் நகரில் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து நாடுகளின் சங்கம் 1937இல் ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. ஓர் அரசுக்கு எதிராக, மக்கள் மனத்தில் அச்சநிலையை உண்டாக்கும் நோக்கில் செய்யப்படும் குற்றச் செயல்கள் என்பதே அதன் சாரம். அந்த உடன்படிக்கை நடைமுறைக்கே வரவில்லை. அதை உறுதிசெய்த ஒரே நாடு இந்தியா, அதுவும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியா. விடுதலைப் போராட்டத்தை அடக்கிக்கொண்டிருந்த ஆட்சிக்கு அந்த உடன்படிக்கையில் இருந்த ஆர்வம் வியப்பளிப்பதல்ல. சுதந்திர இந்தியாவும் 1996இல் ஐ.நா.வில் பயங்கரவாதம் பற்றிய விரிவான உடன்படிக்கை ஒன்றை முன்மொழிந்தது. அது இன்றுவரை நிறைவேறவில்லை. ஆக்கிரமிப்புக்கு எதிரான ஆயுதப் போராட்டத்தை இதிலிருந்து விலக்குவதா, அரசுப் படைகள் மக்கள் மீது நடத்தும் வன்முறையையும் இதற்குள் கொண்டுவருவதா என்ற இரண்டு கேள்விகளில் நாடுகள் ஒத்துப்போகவில்லை.

வரையறை கிடைக்காத நிலையிலேயே கட்டளை மட்டும் வந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதே மாதம் 28ஆம் தேதி பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1373ஆம் தீர்மானம், பயங்கரவாதத்தையும் அதற்கு நிதி அளிப்பதையும் கடுங்குற்றமாக்குங்கள் என்று எல்லா நாடுகளுக்கும் ஆணையிட்டது. பயங்கரவாதம் என்றால் எது என்று அது சொல்லவில்லை. அந்த இடத்தை ஒவ்வொரு அரசும் தன் அச்சத்துக்கும் வசதிக்கும் ஏற்ப நிரப்பிக்கொண்டது.

பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று கூறுகளைக் கேட்கிறது: கடுமையான வன்முறை, சொத்தழிவு போன்ற ஒரு செயல் அல்லது அதைச் செய்வதாக மிரட்டல், அரசைத் திருப்பவோ மக்களை அச்சுறுத்தவோ செய்யும் நோக்கம், அரசியல், மத, இன அல்லது கொள்கை சார்ந்த ஒரு காரணம். கனடாவின் குற்றவியல் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. ஆனால் அங்கே ஒரு விலக்கு இருக்கிறது. அத்தியாவசியச் சேவைகளைக் குலைக்கும் செயலாக இருந்தாலும், உயிருக்கோ உடலுக்கோ பாதுகாப்புக்கோ ஊறு விளைவிக்கும் நோக்கமில்லாத போராட்டமும் வேலைநிறுத்தமும் பயங்கரவாதம் ஆகாது. இந்த விலக்கைப் பற்றிக் கீழே மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு வகையானது. 1979இல் மூன்றாண்டுக்கான தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அந்தச் சட்டம் பயங்கரவாதத்தை வரையறுக்கவே இல்லை. குற்றங்களின் பட்டியல் ஒன்றை மட்டும் தருகிறது. குறிப்பிட்ட சிலரைக் கொல்வது, கடத்துவது ஆகியவற்றோடு, தெருவிலோ பொது இடத்திலோ உள்ள பெயர்ப் பலகையின் எழுத்துகளை அனுமதியின்றி அழிப்பதும் சிதைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இன, மத ஒற்றுமையின்மையைத் தூண்டும் சொற்களும் அதே பட்டியலில். பலகையில் தார் பூசியவரும் கொலையாளியும் ஒரே சட்டத்தின் முன் நின்றார்கள். பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்கவும் காவல்துறை உதவிக் கண்காணிப்பாளரிடம் தந்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கவும் அந்தச் சட்டம் வழிசெய்தது. பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் தான் எழுதிய கட்டுரைகளுக்காக இந்தச் சட்டத்தின் பேரில் 2009இல் இருபது ஆண்டு கடூழியச் சிறை பெற்றார். பன்னாட்டுக் கண்டனம் எழுந்த பிறகு 2010இல் பொதுமன்னிப்பு வந்தது. 2022இல் வந்த திருத்தம் தடுப்புக் காவலைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது, சட்டத்தின் அடித்தளத்தைத் தொடவில்லை.

தடா, பொடா, உபா

இந்தியாவில் இந்தச் சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வளர்ந்தவை. 1985இல் வந்த தடா 1987இல் புதிய வடிவம் எடுத்து 1995 மே மாதம் காலாவதியானது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கைதானார்கள், தண்டனை பெற்றோர் சொற்பம். தேசிய மனித உரிமை ஆணையத்தின் அன்றைய தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, தடாவை நீட்டிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார். 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடாவின் பெரும்பகுதியைச் செல்லும் என்று ஏற்றது. அதே ஆண்டு ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில், ஒவ்வொரு குற்றவாளியையும் பயங்கரவாதி என்று அழைத்துவிட முடியாது, சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடியாத அளவுக்குப் போன வன்முறைக்கே இந்தப் பெயர் என்று எச்சரித்தது. எச்சரிக்கை தீர்ப்புத் தொகுதிக்குள் இருந்தது, கைதுகள் காவல் நிலையங்களில் நடந்தன.

பொடா 2001 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது. மாநிலங்களவையில் தோற்றதால் 2002 மார்ச் 26 அன்று கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2004இல் அதை நீக்கினார்கள். நீக்கியதாகத்தான் ஊடகங்களும் எழுதின. ஆனால் அதன் உள்ளடக்கத்தின் பெரும்பகுதி, அதே ஆண்டில் 1967ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் (தடுப்பு)ச் சட்டத்துக்குள் குடிபெயர்ந்தது. பிரிவினைவாத அமைப்புகளைத் தடைசெய்வதற்கென வந்த அந்தப் பழைய சட்டம், இன்று நாம் உபா என்று சொல்லும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமாக மாறியது அப்போதுதான். தடாவும் பொடாவும் கால வரம்போடு வந்தவை. நீட்டிக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் மீண்டும் யோசித்தாக வேண்டும். உபாவுக்குக் காலாவதி கிடையாது. இந்த மாற்றம் பெரிய விவாதம் ஏதுமின்றியே நடந்தேறியது, இருபது ஆண்டுகளின் பெரிய இழப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

உபாவின் 15ஆம் பிரிவை நெருங்கிப் பார்க்கலாம். குற்றவியல் சட்டத்தில் ஒரு கடுங்குற்றத்துக்குப் பொதுவாக நோக்கமும் செயலும் விளைவும் சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பிரிவிலும் மூன்றும் இருக்கின்றன, ஆனால் மூன்றிலும் ஒவ்வொரு திறப்பு இருக்கிறது. நாட்டின் ஒற்றுமை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொருளாதாரப் பாதுகாப்பு, இறையாண்மை ஆகியவற்றை அச்சுறுத்தும் நோக்கத்தோடு, அல்லது அச்சுறுத்தக்கூடிய வகையில் ஒரு செயலைச் செய்தால் என்று அது தொடங்குகிறது. ‘அச்சுறுத்தக்கூடிய வகையில்’ என்ற சொற்கள் வந்ததும் நோக்கத்தை நிரூபிக்கும் சுமை லேசாகிவிடுகிறது. ராஜீவ் வழக்கில் தடா நிற்காமல் போனது நோக்கம் நிரூபணமாகாததால். இன்றைய வாசகத்தின்படி அந்த வாதம் அவ்வளவு எளிதில் எடுபடாது. அடுத்து வழிமுறைகள்: வெடிகுண்டு, எரிபொருள், துப்பாக்கி, நச்சு, கதிர்வீச்சு என்று நீளும் பட்டியலின் கடைசியில் ‘வேறு எந்த வகையான வழியிலும்’ என்று 2008இல் சேர்த்தார்கள். விளைவுகளில் உயிரிழப்பும் காயமும் சொத்தழிவும் மட்டுமல்ல, சமூக வாழ்வுக்கு இன்றியமையாத பொருள், சேவைகளின் தடங்கலும் உண்டு. 2012 திருத்தம் பொருளாதாரப் பாதுகாப்பையும் உயர்தரக் கள்ள நோட்டையும் சேர்த்தது.

இந்த மூன்று திறப்புகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்த கூட்டத்தையும் இந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்துவிடலாம். இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2020 டெல்லிக் கலவரத்தை ஒட்டிய வழக்கில் மூன்று மாணவச் செயற்பாட்டாளர்களுக்கு 2021 ஜூன் 15 அன்று பிணை அளித்த டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் எடுத்துப் பேசியது. கடுமையான சட்டத்தைக் குறுக்கியே பொருள் கொள்ள வேண்டும், போராடும் உரிமைக்கும் பயங்கரவாதத்துக்கும் இடையிலான கோட்டை அரசு மங்கவிடக் கூடாது என்றது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம், பிணையை ரத்து செய்யாமல், இந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்மாதிரியாகக் காட்டக் கூடாது என்று நிறுத்திவைத்தது. கனடாவில் நாடாளுமன்றமே வாசகத்தில் எழுதிவைத்த விலக்கை, இங்கே ஒரு உயர் நீதிமன்றம் விளக்கத்தின் மூலம் உருவாக்கப் பார்த்தது. மற்றவர்களுக்கு அது மூன்று நாளும் உதவவில்லை.

அமைப்பு, கும்பல், உறுப்பினர்

செயலை வரையறுப்பதைவிட அமைப்பை வரையறுப்பது சட்டத்துக்கு எளிது. பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

உபா மூன்று வகைகளைச் சொல்கிறது. முதலாவது சட்டவிரோதச் சங்கம். ஓர் அமைப்பை இப்படி அறிவித்தால், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான தீர்ப்பாயம் ஆறு மாதத்துக்குள் அதை ஆராய்ந்து உறுதிசெய்ய வேண்டும். தடை ஐந்தாண்டுக்கு நிற்கும். இதில் உறுப்பினராக இருப்பதற்குத் தண்டனை இரண்டாண்டு வரை. இரண்டாவது பயங்கரவாத அமைப்பு. சட்டத்தின் முதல் அட்டவணையில் மத்திய அரசு பெயரைச் சேர்த்துவிட்டால் அது பயங்கரவாத அமைப்பு. தீர்ப்பாயம் கிடையாது, கால வரம்பு கிடையாது. பெயரை நீக்கக் கோரி அரசிடமே மனுப்போட்டு, அது மறுத்தால் மறுஆய்வுக் குழுவிடம் போகலாம். அந்தக் குழுவை அமைப்பதும் அரசுதான். இதில் உறுப்பினராக இருப்பதற்குப் பத்தாண்டு வரை சிறை. இன்னொரு பிரிவின்படி, பயங்கரவாதச் செயலில் ஈடுபட்ட அமைப்பின் உறுப்பினருக்கு ஆயுள் வரை போகலாம்.

லேசான பெயருக்கு நீதிபதியின் ஆய்வு உண்டு, கனமான பெயருக்கு இல்லை. சட்டத்தின் அமைப்பிலேயே உள்ள இந்தத் தலைகீழ் நிலை நம் பொது விவாதத்தில் இடம்பெறுவதே இல்லை. 2022 செப்டம்பரில் பாப்புலர் ஃப்ரண்ட் ஆஃப் இந்தியா தடையானபோது அது சட்டவிரோதச் சங்கம் என்ற வகையில் வந்ததால், டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான தீர்ப்பாயம் விசாரித்து 2023 மார்ச்சில் தடையை உறுதிசெய்தது. அந்த முடிவை ஏற்கலாம், எதிர்க்கலாம். விசாரணை என்ற ஒன்றாவது நடந்தது.

விடுதலைப் புலிகள் இரு வகையிலும் வருகிறார்கள். 1992 மே 14 முதல் சட்டவிரோதச் சங்கமாகத் தடை தொடர்ந்து நீட்டிக்கப்பட்டுவருகிறது, கடைசி நீட்டிப்பு 2024இல். தீர்ப்பாயத்தின் முன் தடையை எதிர்த்து வாதாட வைகோ முயன்றபோது, அவர் அந்த அமைப்பின் பொறுப்பாளரோ உறுப்பினரோ அல்ல என்பதால் வழக்கின் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. தரப்பாகச் சேர வேண்டுமானால் உறுப்பினர் என்று சொல்ல வேண்டும், சொன்னால் அதுவே குற்றம். பிரிட்டனில் தடைசெய்யப்பட்ட அமைப்புகளுக்கென மேல்முறையீட்டு ஆணையம் இருக்கிறது. ஈரானின் முஜாஹிதீன் அமைப்பை 2007இல் அந்த ஆணையம் தடைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது, அரசு மேல்முறையீடு செய்தும் 2008இல் தோற்றது. அரசின் பட்டியலை நீதிமன்றம் திருத்த முடியும் என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

மூன்றாவது வகை பயங்கரவாதக் கும்பல். பட்டியலில் இல்லாத, ஆனால் பயங்கரவாதச் செயலோடு தொடர்புடைய எந்தக் கூட்டமும், ஒழுங்காக அமைந்ததோ இல்லையோ, இதில் அடங்கும். வாட்ஸ்அப் குழுவைக் கும்பல் என்று காட்ட விரும்பும் விசாரணை அதிகாரியைத் தடுக்கும் சொல் எதுவும் இந்த வரையறையில் இல்லை. 2019 திருத்தம் தனிமனிதரையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரத்தைச் சேர்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் முதலில் வந்த பெயர்கள் மசூத் அசார், ஹபீஸ் சயீத், லக்வி, தாவூத் இப்ராகிம். இந்த நால்வருக்காகப் பரிந்து பேச யாரும் வரமாட்டார்கள். ஆனால் குற்றம் நிரூபணமாகாமல் ஒருவருக்குச் சட்டம் பெயர் சூட்டலாம் என்ற அதிகாரம் அவர்களோடு முடிந்துவிடாது.

உறுப்பினராக இருப்பதே குற்றமா? 2011இல் அரூப் புயான் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் உறுப்பினராக இருப்பது குற்றமல்ல, வன்முறையில் ஈடுபட்டாலோ தூண்டினாலோதான் குற்றம் என்றது. பன்னிரண்டு ஆண்டுகள் அது வழிகாட்டியாக இருந்தது. 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று தள்ளியது. தடை அறிவிப்பு வெளியான பிறகும் உறுப்பினராகத் தொடர்ந்தால் அதுவே போதுமானது. ஆனால் உறுப்பினர் அட்டையோ சந்தா ரசீதோ இல்லாத தலைமறைவு அமைப்பில் ஒருவர் உறுப்பினர் என்பதை எதைக் கொண்டு நிறுவுவது? நடைமுறையில் புத்தகம், துண்டறிக்கை, தொலைபேசி எண், ஒரு கூட்டத்தில் எடுத்த புகைப்படம் ஆகியவையே சாட்சியமாகின்றன.

ஆதரவு என்ற குற்றம் இன்னும் வழுக்கலானது. 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ ஜூலை 11 அன்று சென்னை விமான நிலையத்தில் பொடாவில் கைதானார். பத்தொன்பது மாதங்கள் சிறையில் இருந்தார். அவருடைய கட்சி நாடாளுமன்றத்தில் ஆதரித்த சட்டம் அது. தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு கோருவதும் அதற்காகக் கூட்டத்தில் பேசுவதும் பொடாவின் 21ஆம் பிரிவின்படி குற்றம். அதன் வாசகங்கள் பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒத்தவை. 2003 டிசம்பரில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது. கூடவே, பயங்கரவாதச் செயலை முன்னெடுக்கும் நோக்கம் இருந்தால்தான் இந்தப் பிரிவுகள் பொருந்தும் என்று வரம்பும் கட்டியது. 2021 அக்டோபரில் கோழிக்கோட்டு மாணவர்கள் இருவரின் வழக்கில், மாவோயிஸ்ட் இலக்கியம் வைத்திருந்ததாலேயே நோக்கம் நிரூபணமாகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. பொடாவின் 21ஆம் பிரிவு இன்று உபாவின் 39ஆம் பிரிவாக இருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் இன்னும் தூரம் போயிருக்கிறது. 2010இல் தீர்ப்பான மனிதநேயச் சட்டத் திட்டம் என்ற அமைப்பின் வழக்கில், குர்தியத் தொழிலாளர் கட்சிக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அமைதி வழியில் பன்னாட்டுச் சட்டத்தைப் பயன்படுத்தும் பயிற்சி தரலாமா என்பதே கேள்வி. அதுவும் பொருளுதவிக் குற்றமே என்றது பெரும்பான்மை. ஆயுதத்தைக் கைவிடும்படி ஒரு அமைப்பிடம் சொல்லிக்கொடுப்பவரும் அந்தத் தீர்ப்பின் நிழலில் நிற்க வேண்டியிருக்கிறது.

பிணை மறுக்கும் வாக்கியம்

இந்த எல்லா வரையறைகளுக்கும் பல் தருவது உபாவின் 43டி(5) பிரிவு. வழக்கு நாட்குறிப்பையோ குற்றப்பத்திரிகையையோ படித்த நீதிமன்றம், குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருப்பதாக நம்பக் காரணம் கண்டால் பிணை தரக் கூடாது. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் இறுக்கியது: பிணைக் கட்டத்தில் அரசுத் தரப்பின் ஆதாரத்தை எடைபோட்டுப் பார்க்கக் கூடாது, மொத்தமாக எடுத்துக்கொண்டு நம்பத்தக்கதா என்று மட்டும் பார்க்க வேண்டும். செயல் உண்மையிலேயே 15ஆம் பிரிவுக்குள் வருமா என்ற கேள்வி இங்கேதான் எழுந்திருக்க வேண்டும். வட்டாலி சுருக்கியது ஆதாரத்தை எடைபோடும் இடத்தைத்தான், இந்தக் கேள்வியை அல்ல.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் வழக்கில் கைதானார். வயது 83, நடுக்குவாத நோய். கை நடுங்காமல் தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட வேண்டியிருந்தது. மருத்துவக் காரணத்துக்கான பிணை மனு நிலுவையில் இருக்கையிலேயே 2021 ஜூலை 5 அன்று மும்பையில் இறந்தார். அவர் செய்ததாகச் சொன்ன எதுவும் பயங்கரவாதச் செயல்தானா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிவு சொல்லவில்லை.

மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி 2016 முதல் 2019 வரை உபாவில் கைதானோர் 5,922 பேர், தண்டனை பெற்றோர் 132 பேர். அந்த 132 பேரும் அதே ஆண்டுகளில் கைதானவர்கள் அல்ல, எனவே இரண்டையும் வகுத்து விழுக்காடு சொல்வது சரியாகாது. ஆனால் இந்தச் சட்டத்தின் எடை தீர்ப்பில் அல்ல, காத்திருப்பில் விழுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணை முடிய வாய்ப்பில்லாமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தால் 43டி(5)ஐ மீறியும் பிணை தரலாம் என்று வழிதிறந்தது. பிறகு வந்த அமர்வுகள் இருபக்கமும் சென்றன. 2024 பிப்ரவரியில் ஓர் அமர்வு உபாவில் சிறையே விதி என்றது, ஆகஸ்டில் இன்னோர் அமர்வு சிறப்புச் சட்டத்திலும் பிணையே விதி என்றது. எந்த அமர்வின் முன் மனு வருகிறது என்பதில் ஒருவரின் சுதந்திரம் தொங்குகிறது.

அரசுத் தரப்புக்கு ஒரு வலுவான வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சாதாரணக் குற்றவியல் சட்டம் உடல் விழுந்த பிறகே அசையும். குண்டு வெடிக்கும் முன்பே பணம் தருபவரையும் ஆள் சேர்ப்பவரையும் பிடிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பது அந்த வாதம். மும்பையை 2008 நவம்பரில் பார்த்தவர்கள் இதை எளிதில் மறுக்கமாட்டார்கள். நானும் மறுக்கவில்லை. நிதி திரட்டல், பயிற்சி முகாம், ஆட்சேர்ப்பு ஆகியவற்றைத் தனிக் குற்றங்களாக்குவது நியாயமே. ஆனால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பயங்கரவாத வழக்கு வேறொன்றையும் காட்டுகிறது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். தடா அப்போது காலாவதியாகிவிட்டது, பொடா பிறக்கவில்லை. சாதாரண இந்தியத் தண்டனைச் சட்டம், வெடிபொருள் சட்டம் ஆகியவற்றைக் கொண்டே வழக்கு நடந்தது. காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் உதவவில்லை, சாட்சிகளையும் தடயங்களையும் வைத்தே நிரூபிக்க வேண்டியிருந்தது. 2007இல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே வழக்கில் ஒன்பதாண்டு சிறையில் இருந்த கேரள அரசியல்வாதி மதானி குற்றமற்றவர் என்று வெளியே வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிணையில்லாக் காத்திருப்பு சிறப்புச் சட்டத்தின் தனிச்சொத்து அல்ல.

113ஆம் பிரிவு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பயங்கரவாதச் செயலை முதன்முறையாகப் பொதுக் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் 113ஆம் பிரிவு பெரும்பாலும் உபாவின் 15ஆம் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த முதல் வரைவு பொது ஒழுங்கைக் குலைப்பதையும் பயங்கரவாதமாக்கியிருந்தது. டிசம்பரில் வந்த திருத்திய வரைவில் அது இல்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் பயங்கரவாதச் செயலில் ஈடுபட்ட அமைப்பில் உறுப்பினராக இருந்தாலே ஆயுள் வரை தண்டனை என்கிறது இந்தப் பிரிவு, அந்த அமைப்பு எந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரே செயலுக்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. உபாவில் வழக்கை நீதிமன்றம் ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும், அதற்கு முன் தனி அதிகாரி ஒருவர் ஆதாரத்தைப் பரிசீலிக்க வேண்டும். புதிய சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. உபாவில் பிணைக்கு 43டி(5) குறுக்கே நிற்கும், புதிய சட்டத்தில் நிற்காது. எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவது என்பதைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி முடிவுசெய்வார் என்று அந்தப் பிரிவின் விளக்கமே கூறுகிறது. எதை வைத்து முடிவுசெய்வார் என்று அது சொல்லவில்லை.

திருத்தப்பட வேண்டியவை பல. 15ஆம் பிரிவிலிருந்து நோக்கத்துக்கு மாற்றாக நிற்கும் அந்தச் சொற்களை எடுக்க வேண்டும். கனடாவில் உள்ளதுபோல் போராட்டத்துக்கான விலக்கை வாசகத்திலேயே எழுத வேண்டும். முதல் அட்டவணையில் சேரும் ஒவ்வொரு பெயரும் சட்டவிரோதச் சங்கத்துக்கு உள்ளதுபோல் தீர்ப்பாயத்தின் முன் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாவதாக, பிணை கேட்கும் நாளிலேயே நீதிமன்றம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கக் கடமைப்பட்டிருக்க வேண்டும்: இவர் இதைச் செய்ததற்கு ஆதாரம் இருக்கிறதா? செய்தார் என்றே வைத்துக்கொண்டாலும், அது பயங்கரவாதச் செயலா? இரண்டாவது கேள்விக்குச் சாட்சி விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குற்றப்பத்திரிகையும் சட்டப் புத்தகமும் மேசையில் இருந்தால் போதும். வட்டாலி தீர்ப்பு சுருக்கியது முதல் கேள்வியைத்தான். இரண்டாவது கேள்வியைக் கேட்க எந்த நீதிபதிக்கும் அது தடை விதிக்கவில்லை.